கூழாங்கல் போட்ட சனிக்கிழமைகள்

என் வீட்டுக்காரரோடு வெளியே போவதென்றால் ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். பாலம் வந்தால் எல்லோரும் கடந்து போவார்கள். இவர் ஒரு இலையைக் கிள்ளி இந்தப் பக்கம் தண்ணீரில் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஓடிப்போய் எட்டிப் பார்த்து, "பதினாலு நொடி! மேல எங்கயோ நல்ல மழை, பாத்தியா?" என்பார். மின்னல் வெட்டினால் நான் ஜன்னலைச் சாத்துவேன். இவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, இடி வரும்வரை விரலை மடக்கி எண்ணுவார். எங்கள் கல்யாண நாள் ஒன்றில், மணிக்கூண்டின் உயரத்தை நிழலை வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்று உச்சி வெயிலில் என்னைக் கம்பம் மாதிரி நிறுத்திவிட்டார். புதுத் துணி கட்டிக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். "அசையாதம்மா, நிழல் ஆடுது" என்று அதட்டல் வேறு. இப்படிப்பட்ட மனுஷனோடு முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

பள்ளிக்கூடப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. வேலை, பஸ் டிப்போவில். பெரிய பஸ்களின் பிரேக் காற்றின் அழுத்தத்தில்தான் வேலை செய்யும். எங்காவது ஒரு ரப்பர் குழாயில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்தாலும் காற்று மெல்லக் கசியும். ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி வைத்து, இன்ஜினை அணைத்து, அடியில் குனிந்து அந்தக் கசிவைக் கேட்டுப் பிடிப்பது இவர் வேலை. டிரைவரின் எதிரே காற்றைக் காட்டும் முள் ஒன்று இருக்கிறது. முள் மளமளவென்று இறங்கினால் யாருக்கும் தெரிந்துவிடும். அதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் இவர். டிப்போவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது. "காது வந்தாச்சா?" "காது பாத்து கையெழுத்துப் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அதில் இவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

நான் ஆஸ்பத்திரியில் பழைய கோப்புகள் அடுக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். அங்கே குண்டூசி விழுந்தாலும் கேட்கும். எங்கள் இருவருக்கும் சனிக்கிழமை விடுமுறை. மகள் வெளியூரில் இருக்கிறாள். ஆகவே சனிக்கிழமையானால் இருவரும் கிளம்பிவிடுவோம், பூங்கா, ஆற்றங்கரை, சந்தை, எங்கேயாவது.

ஒரு சனிக்கிழமை பூங்காவுக்குப் போனோம். கடைசியில் ஒரு மரக்கூட்டம் உண்டு. அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அப்பப்பா, இந்தச் சில்வண்டு சத்தம் மண்டையைக் குடையுது. வேற பெஞ்சுக்குப் போலாங்க" என்றேன்.

"எந்தச் சத்தம்?"

"விளையாடாதீங்க."

அவர் விளையாடவில்லை. தெரியாத விஷயம் ஒன்று எதிரே வந்துவிட்டால் இவர் முகம் பளிச்சென்று ஆகும். முதலில் அப்படித்தான் ஆனது. "இரு இரு, இது வேடிக்கையா இருக்கே" என்று எழுந்தார். நடைபாதை ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கூழாங்கல்லையும் ஒரு கறுப்புக் கூழாங்கல்லையும் பொறுக்கினார். வெள்ளை எனக்கு, கறுப்பு அவருக்கு. பூங்காவின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து மரங்களை நோக்கி மெல்ல நடக்க வேண்டும். சத்தம் காதில் விழுந்ததும் கையை நீட்டிக் கல்லைக் கீழே போட வேண்டும். போட்டுவிட்டு நிற்காமல் நடக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது.

நான் கிளம்பின மூன்றாவது அடியிலேயே கல்லைப் போட்டுவிட்டேன். இவர் நடந்தார், நடந்தார், மரத்தடிக்கே போய்விட்டார். கறுப்புக் கல் விழுந்தது அடிமரத்துக்குப் பக்கத்தில். திரும்பி வந்து இரண்டு கல்லுக்கும் நடுவே அடி வைத்து எண்ணினார். அறுபத்திரண்டு. இன்னொரு தரம் எண்ணினார். அதேதான்.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். ஜன்னல் கண்ணாடியில் ஏன் வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்று கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"சளி பிடிச்சிருக்குல்ல, அதான்" என்றேன்.

"இருக்கலாம். ஆனா காத்து கசியற சத்தமும் இதே மாதிரி மெல்லிசுதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் மேசையைத் துடைக்கும்போது அவருடைய நோட்டுப் புத்தகத்துக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தது. டிப்போ மேலாளருக்கு எழுதியிருந்தார். தன் காது முன்போல் இல்லை என்றும், தன்னைப் பிரேக் வேலையிலிருந்து எடுத்து டயர் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்றும் நான்கே வரி. கையெழுத்துப் போடவில்லை. 'காது' என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் அடித்து எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரு தடவை பாத்ததை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. சளி போகட்டும். இன்னும் மூணு சனிக்கிழமை பாப்போம். அப்புறமும் இப்படியே இருந்தா கொடுத்துடுவேன்" என்றார், பின்னால் வந்து நின்றவர்.

அந்த வாரம் முழுக்க மனுஷன் சரியாகத் தூங்கவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து காதை வைத்துக் கேட்பார். கைக்கடிகாரத்தை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றி மாற்றி வைப்பார். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாரக் கடைசியில் சளி போய்விட்டது. காது எப்படியோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த மனுஷன் இன்னொரு சனிக்கிழமை அப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால் என்னால் தாங்க முடியாது என்பதுதான்.

அதனால் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை காலையில் வெயில் எங்கள் முதுகுப் பக்கம் அடித்தது. நான் அவரைப் பார்த்துவிடக் கூடாதென்று நாலடி பின்னால் தள்ளி நடந்தார். அவர் நிழலோ நீளமாக என்னைத் தாண்டிப் புல்லின் மேல் விழுந்து கிடந்தது. மணிக்கூண்டையே நிழலால் அளந்த மனுஷனுக்குத் தன் நிழல் ஞாபகம் வரவில்லை. சில்வண்டு காதைக் கிழிக்க, நான் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நிழல் கை நீட்டியது. உடனே நானும் கை நீட்டிப் போட்டேன்.

திரும்பிப் போய்ப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் முன்னால் நடந்தவள் இல்லையா, என் கல் மரத்துக்கு நாலடி கிட்டத்தில் கிடந்தது.

"ஏம்மா, எனக்கு முன்னால உனக்குக் கேக்கலையா?"

"இல்லையே. இப்பத்தான் கேட்டுச்சு."

"போன வாரம் அவ்வளவு தூரத்துல கேட்டுச்சே?"

"போன வாரம் பூச்சி நிறைய இருந்திருக்கும்."

அவர் யோசித்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அதைப் பார்த்ததும் பொய் சொன்ன உறுத்தல் கூட எனக்கு இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை, "பூச்சியை நம்ப முடியாது" என்று கைக்கடிகாரத்தின் அலாரத்தை அடிக்கவிட்டு மரக்கிளையில் மாட்டினார். நான்காவது சனிக்கிழமையும் அப்படியே. வெயிலும் முதுகுப் பக்கமே, நிழலும் முன்னாலேயே. நோட்டில் கோடு போட்டு எழுதினார். முதல் நாள் கணக்கை, சளி என்று எழுதி அடித்துவிட்டார். நான்காவது சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

"வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் குறையும்போல. உனக்கு என்னை விடக் கம்மி, தெரியுமா? கோப்பு அறையில சும்மாவே உக்காந்து காது மழுங்கிடுச்சு. ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றார், நிஜமான கவலையோடு.

"எனக்கெதுக்கு டாக்டர்? உங்க வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். குப்பைக் கூடையில் அந்த நாலு துண்டு காகிதத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடிப் பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய்.

இவர் திங்கட்கிழமை டிப்போவுக்குப் போய், வண்டிக்கு அடியில் குனிந்து, ஒன்றும் கேட்கவில்லை என்றால் கையெழுத்துப் போட்டுவிடுவார். இதுவரை ஒரு சந்தேகமாவது இருந்தது. அந்தச் சந்தேகத்தை நான்தான் துடைத்து எடுத்தேன். அதற்கப்புறம் தெருவில் ஒரு பஸ் போனால் போதும், அது திருப்பம் கடக்கும்வரை வாசலில் நிற்பேன். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால், கோப்பைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி, பஸ் விபத்தா என்று பார்ப்பேன். குக்கர் சீறினால் திடுக்கிடும், குழாய் சீறினால் திடுக்கிடும். சொல்லிவிடலாம் என்று தினமும் வாயெடுப்பேன். அவர் சிரித்த முகத்தோடு, "இங்க பாரேன், இந்தச் சோப்பு நுரையில எத்தனை நிறம்" என்று வந்து நிற்பார். நானும் நுரையைப் பார்ப்பேன்.

ஐந்தாவது சனிக்கிழமை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நீர்த்தேக்கத்துக்குக் கிளம்பினோம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் எவ்வளவு சூட்டில் கொதிக்கிறது என்று பார்க்கப் போகிறாராம். பையில் சின்ன அடுப்பும் வெப்பமானியும். அடக் கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வண்டி இவர் டிப்போ வண்டிதான். டிரைவர் இவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே, வாங்க அண்ணி. நேத்து சாயங்காலம் அண்ணன் பாத்து விட்ட வண்டி, கவலையில்லாம உக்காருங்க" என்றார். நான் எங்கே கவலையில்லாமல் உட்காருவது? பின் சக்கரத்துக்கு மேலே இருந்த இருக்கைதான் கிடைத்தது.

மலை உச்சியில், இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில், வண்டி பத்து நிமிஷம் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சிலர் இறங்கினார்கள், முப்பது பேருக்கு மேல் உள்ளேயே இருந்தார்கள். முன்னால் ஒரு அம்மா மடியில் குழந்தை தூங்கியது.

அப்போது எனக்குக் கேட்டது. காலடியில், தகரத்துக்குக் கீழே, மெல்லிசாக, ஸ்ஸ்ஸ் என்று.

முதலில் பிரமை என்று நினைத்தேன். ஒரு வாரமாக எதைக் கேட்டாலும் எனக்கு அப்படித்தானே கேட்கிறது. காதைப் பொத்தினேன், நின்றது. கையை எடுத்தேன், கேட்டது.

"ஏங்க, கீழே காத்து போற சத்தம் கேக்குது."

அவர் உற்றுக் கேட்டார். "இல்லையே."

"கேக்குதுங்க. நல்லாக் கேளுங்க."

அவர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "ஏம்மா, நாமதான் மூணு வாரம் அளந்து பாத்தோமே. உனக்கு என்னை விடக் கம்மி. எனக்கே கேக்கலைன்னா உனக்கு எப்படிக் கேக்கும்? வேற எங்கயாவது தண்ணி ஓடும்."

அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. நோட்டில் இருப்பதை நம்பினால் அப்படித்தான் சொல்ல முடியும். டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டே வண்டியை நோக்கி வந்துகொண்டிருந்தார். கீழே ஏழு வளைவு இறக்கம்.

"அந்த அளவெல்லாம் பொய்ங்க" என்றேன். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது, முன் இருக்கைக்காரர்கள் திரும்பினார்கள். "மூணு வாரமும் நான் ஏமாத்திட்டேன். உங்க நிழலைப் பாத்துப் பாத்துத்தான் கல்லைப் போட்டேன். எனக்குக் கிளம்பற இடத்துலேயே கேட்டுச்சு. கடிகாரமும் கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு. இதுவும் கேக்குது. வண்டியை எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அறை வாங்கியவர் மாதிரி ஒரு நொடி. அடுத்த நொடி எழுந்து விறுவிறுவென்று முன்னால் போனார்.

"வண்டியை எடுக்காதப்பா. முள் எங்க இருக்கு?"

டிரைவர் எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் இறங்கியிருக்குண்ணே. இன்ஜின் ஓடினா ஏறிடும்."

"நிறுத்தும்போது எங்க இருந்துச்சு?"

டிரைவர் முள்ளை மறுபடி எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"எல்லாரையும் இறக்கு" என்றார் இவர்.

சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தார்கள். வெளியூர் போனால் நான் எடுத்துப் போகும் சோப்பை டீக்கடைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தேன். இவர் வண்டிக்கு அடியில் படுத்து ஊர்ந்து போனார். நானும் குனிந்து பார்த்தேன். முதலில் சோப்புத் தண்ணீரை ஊற்றவில்லை. குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கு வெளியிலிருந்தே சீறியது. அவர் நெற்றியைச் சுருக்கினார், மறு காதைத் திருப்பி வைத்தார், மறுபடியும் கண்ணை மூடினார். கடைசியில் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். ஒரு வெடிப்பிலிருந்து நுரை புசுபுசுவென்று பொங்கி வந்தது.

வெளியே வந்து சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் அழுக்கு. டிரைவர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, உங்க காது மட்டும் இல்லைன்னா இன்னிக்கு..." என்றார்.

"என் காது இல்லப்பா" என்றார் இவர். "அவ காது."

டிரைவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு, பயணிகளைச் சமாதானப்படுத்தப் போனார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"உங்க முகத்தைப் பாக்க முடியலைங்க. அதான்..." என்றேன்.

"தெரியுது." கொஞ்ச நேரம் கையில் இருந்த நுரையைப் பேண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். "முப்பத்தோரு வருஷமா எது நிஜம், எது என் கற்பனைன்னு உன்னைக் கேட்டுத்தான் முடிவு பண்ணியிருக்கேன். அது உனக்குத் தெரியாது. இனிமே நான் யாரை வெச்சு அளக்கறது?"

அழுதேன். அவர் தடுக்கவில்லை.

பிறகு போனை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னார். "நேத்து நான் பாத்து விட்ட வண்டி, பிரேக் குழாயில வெடிப்பு. எனக்குக் கேக்கலை. நாலு வாரமா எனக்கு மெல்லிசான சத்தம் கேக்கறதில்லைன்னு இன்னிக்கு உறுதியாயிடுச்சு. இந்த நாலு வாரத்துல நான் கையெழுத்துப் போட்ட வண்டி மொத்தம் முப்பத்தாறு. நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க. எல்லாத்தையும் அங்கங்கேயே நிறுத்துங்க." நோட்டைப் பார்க்காமலே ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தார். சனிக்கிழமை காலை பதினோரு மணி. நிறுத்தச் சொல்லும்வரை அந்த வண்டிகள் எல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினெட்டு, பத்தொன்பது.

முப்பத்தாறாவது எண்ணைச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இவர் போனைக் காதில் அழுத்திப் பார்த்தார், மறு காதில் வைத்துப் பார்த்தார். அப்புறம் போனை என்னிடம் நீட்டினார்.

"என்ன சொல்றார்னு எனக்குப் புரியலை. நீ கேளு. கேட்டதை அப்படியே சொல்லு. குறைக்காதே, கூட்டாதே."

வாங்கிக் காதில் வைத்தேன். மேலாளர் போனுக்கு இல்லாமல், பக்கத்தில் இருந்த யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். அப்புறம் போனுக்கு வந்து இரண்டு வரி சொன்னார். துண்டித்துவிட்டார்.

இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது நல்லபடியாக மாற்றிச் சொல்ல நாக்கு துடித்தது. 'பரவாயில்லைன்னு சொல்றார்' என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"எல்லா வண்டியையும் நிறுத்தறாராம்" என்றேன். "நீங்க திங்கட்கிழமை வர வேண்டாமாம். கூப்பிட்டா வந்தாப் போதுமாம்."

"அவ்வளவுதானா?"

"இல்லைங்க. அதுக்கு முன்னால பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னார். இந்தச் செவிட்டு ஆளை நம்பியா இத்தனை நாள் வண்டி விட்டோம்னு."

"செவிட்டு ஆளுன்னா சொன்னார்?"

"ஆமாங்க" என்றேன். "அப்படித்தான் சொன்னார்."